மாலிங்கவுக்கு ஹோல் ஒஃப் பேம் கொடுக்கலாமா? ரசிகனுக்கே வந்த சந்தேகம்

டச்பே கரை:

நேரே விஷயத்துக்கு வருகிறேன். நம் வேகப்பந்துவீச்சாளர் லசித் மாலிங்கவைப் பற்றித்தான். ஐசிசி ஹோல் ஒஃப் பேமில், அதாவது ஓய்வுபெற்ற பெரிய வீரர்களைக் கௌரவிக்கிற பட்டியலில், இலங்கையிலிருந்து இதுவரை போனவர்கள் முரளி (2016), சங்கா, மஹேல (இருவரும் 2021), அரவிந்த (2023). கடைசி சர்வதேச மட்ச் ஆடி ஐந்து வருஷம் கழிந்தால்தான் ஒருவரின் பெயரை எடுப்பார்கள். மாலிங்க கடைசியாக ஆடியது 2020 மார்ச்சில், பல்லேகலையில், மேற்கிந்தியத் தீவுகளோடு ஒரு ரி20. ஆகவே அவருக்குக் கதவு திறந்தாயிற்று. 2025 யூனில் தோனி, ஹேய்டன், அம்லா, ஸ்மித், வெட்டோரி என்று சேர்த்தார்கள், மாலிங்க இல்லை. பட்டியலைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "சரி, பொறுக்கலாம்தானே" என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் இரண்டு நாளாகக் குடைகிறது.

நான் மாலிங்க பைத்தியம் என்பது இங்கே பழையவர்களுக்குத் தெரியும். எங்கள் பக்கம் கடற்கரையில் சொஃப்ட்போல் ஆடிய பொடியன்கள் எல்லோரும் ஒரு காலத்தில் கையைத் தோளுக்குக் கீழே இறக்கித்தான் போட்டார்கள், மணலில் யோர்க்கர் (காலடியில் குத்துகிற பந்து) எங்கே விழும், எல்லாம் ஃபுல்டோஸ், அடி வாங்கிப் பந்து கடலுக்குள் போகும், ஆனாலும் ஒருவனும் கையை உயர்த்தமாட்டான். ரத்கமவில் இதே மாதிரிக் கரையில் டென்னிஸ் பந்தோடு வளர்ந்த ஒருவர் நாட்டுக்கு ஆடுகிறார் என்றால் எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! 2014 ரி20 உலகக் கிண்ண இறுதியாட்டத்தன்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் முழுக்க இந்தியாவின் பக்கம், இளசுகள் இலங்கையின் பக்கம், அம்மா மட்டும் கரண்ட் போகாமல் இருந்தால் போதும் என்ற கட்சி. அந்த அணிக்குத் தலைவர் மாலிங்க. கடைசி நாலு ஓவரில் இந்தியாவுக்குக் கிடைத்தது 19 ஓட்டம். யுவராஜ் பட்டை வீசிக்கொண்டே இருக்கிறார், மாலிங்கவும் குலசேகரவும் பந்தைக் கால்விரலுக்கும் ஓஃப் பக்க வைட் கோட்டுக்கும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் படுக்கப் போனார்கள்.

கணக்கும் மோசமில்லை. ஒருநாளில் 226 மட்சில் 338 விக்கெட். உலகக் கிண்ணங்களில் மட்டும் 56. ஆண்கள் ரி20 சர்வதேசத்தில் நூறு விக்கெட்டைத் தொட்ட முதல் ஆள். ஒருநாளில் மூன்று ஹட்ரிக்.

டெஸ்டுக்கு வரும்போதுதான் எனக்கு இடிக்கிறது. 30 மட்ச், 101 விக்கெட், சராசரி 33க்கு மேல். 2011 ஏப்ரிலில் டெஸ்ட் போதும் என்று அறிவித்தபோது வயது 27. முழங்கால் காரணம் என்றார். முழங்கால் பிரச்சினை பொய்யில்லை, 2008இல் அவரை நீண்ட நாள் வெளியே இருத்தியதும் அதே முழங்கால்தான். ஆனால் அறிவிப்பு வந்த நேரம் அவர் மும்பைக்காக ஐபிஎல் ஆடிக்கொண்டிருந்தார். முரளியும் போய்விட்டார், இடதுகை வேகப்பந்துவீச்சாளர் வாஸும் போய்விட்டார், டெஸ்ட் பந்துவீச்சு வெறுமையாகக் கிடந்த காலம் அது. நாலு ஓவர் தாங்கும் முழங்கால் நாளுக்கு இருபது ஓவர் தாங்காது என்பது எனக்கும் விளங்குகிறது. விளங்கினாலும் அந்த மனஸ்தாபம் போகவில்லை.

அதோடு ஹோபார்ட் 2012, இந்தியாவிடம் ஒருநாள் மட்சில் வாங்கின அடி. அதோடு அதே வருஷம் பிரேமதாசவில் நடந்த ரி20 இறுதியாட்டம், நாலு ஓவருக்கு 54. அதை நேரில் பார்க்க என்று இங்கிருந்து கொழும்புக்கு வான் பிடித்துப் போனவர்கள் இதை வாசிப்பார்கள் என்று தெரியும், மன்னிக்கவும்.

வாக்கு உங்கள் கையில் என்றால் போடுவீர்களா? "லெஜண்ட்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள், காரணம் சொல்லுங்கள்.

உவர்மலை பழசு:

தம்பி, உங்கள் சந்தேகம் நியாயமானது. மற்றவர்கள் வந்து குழப்ப முதல் நான் சொல்லிவிடுகிறேன், வாஸ் உள்ளே போகாமல் மாலிங்க போகக்கூடாது. 111 டெஸ்ட், 355 விக்கெட். ஒருநாளில் சரியாக 400. 2001இல் சிம்பாப்வேக்கு எதிராக 19 ஓட்டத்துக்கு 8 விக்கெட், ஆண்கள் ஒருநாளில் அதை இன்னும் ஒருவரும் தாண்டவில்லை. 2003 உலகக் கிண்ணத்தில் பங்களாதேஷுக்கு மட்சின் முதல் மூன்று பந்திலேயே ஹட்ரிக். இவ்வளவு செய்த மனிதருக்கு எங்கள் நாட்டில் கிடைத்தது சுழல்பந்துக்கு என்று தயாரித்த ஆடுகளங்கள். புதுப்பந்தை நாலைந்து ஓவர் போட்டுவிட்டு முரளிக்குக் கொடுக்க வேண்டும். பழைய பந்தோடு பின்னேரம் திரும்பி வர வேண்டும். அதையே பதினைந்து வருஷம் செய்தார்.

நீங்கள் எல்லோரும் 2007 கயானா மட்சைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும். தென்னாபிரிக்காவுக்கு வெல்ல நாலே ஓட்டம், கையில் ஐந்து விக்கெட், அப்போது பொலக், ஹோல், கலிஸ், நிட்டினி என்று நாலு பந்தில் நாலு பேர். சரி. அந்த நாலு பந்தும் ஒரே ஓவரில் இல்லை. முதல் இரண்டு ஒரு ஓவரின் கடைசியில், அடுத்த இரண்டு அதற்கடுத்த அவரது ஓவரின் தொடக்கத்தில். இடையில் மற்றப் பக்கத்தால் ஓவர் போட்டு அவர்களை அடிக்கவிடாமல் பிடித்து வைத்தது யார் என்று ஸ்கோர்கார்டில் போய்ப் பாருங்கள். வாஸ்தான். விடிய இரண்டு மணி தாண்டி, ரிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்த மட்ச், எனக்கு மறக்காது. அப்புறம் அந்த மட்சில் நாம் தோற்றோம் என்பதையும் பொடியன்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

டெஸ்டை விட்டுப்போன பந்துவீச்சாளரை நான் மதிக்கிறேன், ரசிக்கிறேன். அந்த வரிசையில் வைக்க மாட்டேன்.

நிலாவெளி யோர்க்கர்:

பழசு அங்கிள், மரியாதையோடு சொல்கிறேன், வாஸ் போகட்டும், நானும் கை தூக்குகிறேன். வாஸ் போகாதது வாக்குப் போடுகிறவர்களின் பிழை. அதற்கு மாலிங்கவை ஏன் வாசலில் நிறுத்துகிறீர்கள்?

டச்பே மச்சான், நீ விக்கெட்டை எண்ணிக்கொண்டு இருக்கிறாய். எண்ணிக்கையில் அவரைவிடக் கூட எடுத்தவர்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள். அந்தக் கை வேறு ஒருவரிடமும் இருக்கவில்லை. சாதாரண வேகப்பந்துவீச்சாளரின் பந்து தலைக்கு மேலே இருந்து வரும், துடுப்பாட்டக்காரர் அந்த உயரத்தைப் பார்த்துத்தான் பந்து எங்கே குத்தும் என்று கணக்குப் போடுவார். மாலிங்கவின் பந்து அம்பயரின் நெஞ்சு மட்டத்திலிருந்து, கிட்டத்தட்டப் பக்கவாட்டில் புறப்படுகிறது. பின்னால் தெளிவான சைட் ஸ்கிரீன் கிடையாது, அம்பயரின் உடுப்புத்தான் இருக்கிறது. 2005இல் நேப்பியர் டெஸ்டில் ஃபிளெமிங் போய் அம்பயர்களிடம் கறுப்புக் காற்சட்டையை மாற்றச் சொல்லிக் கேட்டார் என்றால் எந்தளவுக்குக் கண் தடுமாறியிருக்க வேண்டும். உயரமாக எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வருகிற பந்து, யோர்க்கர் கொஞ்சம் பிசகி ஃபுல்டோஸ் ஆனாலும் பட்டின் அடியில்தான் படும். அதே கை, அதே வேகத்தில் சுற்றி, ஸ்லோ போலும் வரும். பொலக் போல்ட் ஆனது அப்படித்தான்.

சும்மா ஒரு தடவை நடந்த அதிசயமும் இல்லை. 2019 செப்டெம்பர், பல்லேகல, நியூசிலாந்துக்கு எதிராக ரி20. நாம் அடித்தது வெறும் 125. மன்ரோ, ரதர்ஃபோர்ட், டி கிரான்ஹோம், டெய்லர், மறுபடியும் நாலு பந்தில் நாலு. 6 ஓட்டத்துக்கு 5 விக்கெட், 36 வயதில், தொப்பையோடு. நியூசிலாந்து 88க்குச் சுருண்டது. ஓம் அங்கிள், இதில் நாங்கள் வென்றோம்.

இன்றைக்கு எந்த அணியிலும் கடைசி ஓவர் போட என்றே ஒருவரை வளர்க்கிறார்கள். பும்ராவே மும்பையில் மாலிங்கவிடம் கற்றதைப் பல தடவை சொல்லியிருக்கிறார். நம் பொடியன்கள் பத்திரனவைப் பார், துஷாரவைப் பார், அந்தக் கை எங்கிருந்து வந்தது?

மூதூர் ஃபெரி:

வாஸ், மாலிங்க இரண்டு பேரையும் ஒரே நாளில் சேர்த்துவிட்டால் உவர்மலைக்கும் நிலாவெளிக்கும் இடையில் சமாதானம். ஐசிசிக்கு யார் எழுதுவது?

கிண்ணியா ஸ்கோரர்:

தம்பிமார், ஸ்கோர் எழுதுகிறவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

முதலாவது அந்த அடி வாங்கின மட்சுகள். ஹோபார்டில் 7.4 ஓவருக்கு 96, கோலி ஒரே ஓவரில் 24 எடுத்தார், இதெல்லாம் உண்மை, அழிக்க முடியாது. ஆனால் அன்றைக்கு இந்தியா 321ஐ 40 ஓவருக்குள் எடுக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் தொடரை விட்டு வெளியே. எல்லாப் பந்தையும் அடிக்கத்தான் வந்தார்கள், எடுத்தது 36.4 ஓவரில். 2012 இறுதியாட்டத்திலும் பாருங்கள், முதல் பத்து ஓவரில் மேற்கிந்தியத் தீவுகள் 32 ஓட்டம். அஜந்த மென்டிஸ் 12 ஓட்டத்துக்கு 4 விக்கெட். சாமுவேல்ஸ் அடிக்கத் தொடங்கினபோது பந்து யாரிடம் போகும்? மாலிங்கவிடம்தான். மற்றவர்கள் மறைந்துகொள்கிற ஓவர்களைப் பதினைந்து வருஷமாக அவர் கையில் திணித்துவிட்டு, பிறகு எக்கொனொமியை, ஓவருக்கு எத்தனை ஓட்டம் கொடுத்தார் என்ற கணக்கை, காட்டி வழக்குப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சாமுவேல்ஸின் அந்த சிக்ஸர்கள் எனக்கு இன்னும் வலிக்கிறது, அது வேறு கதை.

இரண்டாவது, ஐபிஎல்காரன் என்ற பட்டம். 2019 ஏப்ரில் 3 இரவு மும்பையில் சென்னைக்கு எதிராக ஆடி மூன்று விக்கெட் எடுத்தார். மட்ச் முடிந்ததும் விமானம் ஏறி வந்து, அடுத்த நாள் பல்லேகலையில் காலி அணிக்காக மாகாண ஒருநாள் மட்சில் இறங்கினார். 49 ஓட்டத்துக்கு 7 விக்கெட். உலகக் கிண்ண அணிக்கு உள்ளூர் மட்ச் ஆட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், வந்து ஆடினார். பணத்துக்காக மட்டும் ஆடுகிறவர் நித்திரையில்லாமல் அதைச் செய்யத் தேவையில்லை. அந்த உலகக் கிண்ணத்திலே லீட்ஸில் இங்கிலாந்தை 232ஐ வைத்துக்கொண்டு மடக்கினோமே, அதில் அவருக்கு 43க்கு 4.

டெஸ்ட் குறைவு என்பது ஒரு தடை என்றால், 2009இல் ஹோல் ஒஃப் பேம் தொடங்கின முதல் பட்டியலிலேயே பாரி ரிச்சர்ட்ஸ் இருக்கிறார். தென்னாபிரிக்காக்காரர். ஆடின டெஸ்ட் நாலே நாலு.

டச்பே கரை:

நானா, ஹோபார்ட் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் அதை அந்தப் பக்கமிருந்து பார்க்கவில்லை. காலி அணிக்கு ஆடின கதையை எங்கள் ஆட்களே மறந்துவிட்டார்கள், நல்ல வேளை எடுத்துச் சொன்னீர்கள்.

ஆனால் பாரி ரிச்சர்ட்ஸ் உதாரணம் எனக்கு ஒத்துவராது. அவர் நாலு டெஸ்டில் 508 ஓட்டம் எடுத்தார், சராசரி 72க்கு மேல், அதற்குப் பிறகு நிறவெறிக் கொள்கையால் அந்த நாட்டையே கிரிக்கெட்டிலிருந்து ஒதுக்கினார்கள். அவருக்குக் கதவு அடைபட்டது. மாலிங்க கதவைத் தானே சாத்திக்கொண்டு வெளியே வந்தார். ஒருவருக்குக் கிடைக்காத வாய்ப்புக்கும் ஒருவர் வேண்டாம் என்ற வாய்ப்புக்கும் ஒரே தராசு போட முடியாது. என் பிரச்சினை முழுக்க இதுதான், நிலாவெளி மச்சான் சொல்கிற மாதிரி விக்கெட் எண்ணுகிற பிரச்சினை இல்லை. 2016 ரி20 உலகக் கிண்ணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கத் தலைமையை விட்டார், பிறகு காயத்தோடு தொடரையே விட்டார். 2014இல் கிண்ணம் தூக்கின தலைவர், அடுத்த தடவை அதைக் காக்கிற இடத்தில் இல்லை. காயம் அவர் கேட்டு வாங்கினதில்லை, தெரியும். தெரிந்தும் ஒரு ரசிகனுக்கு வருகிற எரிச்சல் இது, தர்க்கத்தில் அடங்காது.

இதே ஆள் 2019 ஐபிஎல் இறுதியாட்டத்தில், தன் முந்தின ஓவரில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகும், கடைசி ஓவரில் 9 ஓட்டத்தைக் காத்து, கடைசிப் பந்தில் தாகூரை எல்பிடபிள்யூ எடுத்து ஒரு ஓட்டத்தால் மும்பையை வெல்ல வைத்தார். நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கத்தி முடிந்ததும், இதை நீலச் சட்டையில் வேறு ஒரு நகரத்துக்குச் செய்கிறாரே என்றும் வந்தது. இரண்டும் ஒரே நிமிஷத்தில்.

ஆறாவது ஸ்டம்ப்:

எல்லோரும் அவரது டெஸ்டை ஒரு குறையாகவே கதைக்கிறீர்கள். ஆடின 30இல் என்ன செய்தார் என்று ஒருவராவது பார்த்தீர்களா?

2004 யூலையில் டார்வினில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட், மட்சில் ஆறு விக்கெட். நிலாவெளித் தம்பி காற்சட்டைக் கதை சொன்ன அதே நேப்பியரில் ஒன்பது விக்கெட். அப்புறம் காலி, 2010 யூலை, முரளியின் கடைசி டெஸ்ட். எல்லோருக்கும் 800தான் ஞாபகம், சரிதான், அது முரளியின் நாள். ஆனால் அந்த மட்சின் ஆட்டநாயகன் மாலிங்க. முதலில் பட்டோடு 64 ஓட்டம், ஹேரத்தோடு சேர்ந்து இந்தியாவைக் களைக்கப் பண்ணினார். பிறகு இரண்டாவது இன்னிங்ஸில் 50 ஓட்டத்துக்கு 5 விக்கெட். முரளி கடைசி ஒரு விக்கெட்டுக்காகத் தவமிருக்கிற நேரம் மற்றப் பக்கத்தால் மாலிங்க விழுத்திக்கொண்டே இருக்கிறார், எனக்குப் பயம், இவர் பத்தாவதையும் எடுத்துவிடப் போகிறார் என்று. வீட்டில் நாங்கள் மாலிங்கவின் பந்துக்கு "விழாதே விழாதே" என்று கும்பிட்ட ஒரே மட்ச் அதுதான்.

அதற்கு அடுத்த மாதம் கொழும்பு பி. சர மைதானத்தில் அவர் கடைசி டெஸ்ட் ஆடினார். அதாவது விட்டுப்போன நேரத்தில் அவர் தேய்ந்துபோன பந்துவீச்சாளர் இல்லை, உச்சத்தில் இருந்தார். டச்பேத் தம்பி, உங்கள் கோபத்துக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். சுமாரான டெஸ்ட் பந்துவீச்சாளர் விட்டுப் போயிருந்தால் நீங்கள் இவ்வளவு எழுதியிருக்கமாட்டீர்கள்.

என் வாக்கு ஆம். ஒருநாளுக்கும் ரி20க்கும். டெஸ்டை அதில் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம்.

நிலாவெளி யோர்க்கர்:

அக்கா 64ஐ மறக்காமல் சொன்னதற்கு நன்றி, அந்தத் துடுப்பாட்டத்தை நான் பார்க்கவே இல்லை, இன்றைக்குத் தேடிப் பார்க்கப் போகிறேன்.

டச்பே கரை:

அக்கா, காலி மட்சைப் பற்றிச் சொன்னது என்னைப் பிடித்துவிட்டது. ஓம், அதுதான் கோபம்.

சரி, கேட்டவனே சொல்லாமல் போகக்கூடாது. வாக்கு என் கையில் வந்தால் மாலிங்கவுக்குப் போடுவேன், முதல் தடவையில் போடமாட்டேன். முதல் தடவை வாஸுக்கு. இது பழசு அங்கிளுக்குப் பயந்து சொல்வதில்லை, வாஸ் ஓய்வு பெற்று இவ்வளவு காலமாகியும் பெயர் வராமல் இருப்பது உண்மையிலேயே அநியாயம், அந்த வரிசையை மாலிங்க தாண்டிப் போனால் எனக்குச் சந்தோஷம் பாதிதான் வரும். அடுத்த வருஷம் மாலிங்க. டெஸ்டை விட்டதற்கு நான் கொடுக்கிற தண்டனை ஒரு வருஷம், அதற்கு மேல் மனம் கேட்காது. கயானாவில் தோற்ற மட்சுக்காகவே ஒருவரை உள்ளே எடுக்கலாம் என்று நினைக்கிறவன் நான், அதற்கு என்ன செய்ய.

உவர்மலை பழசு:

ஒரு வருஷம் போதாது, குறைந்தது இரண்டு வேண்டும். ஆனாலும் கணக்கு ஒத்துக்கொள்ளக்கூடியது. வாஸுக்கு என்று தனியாக ஒரு இழை திறவுங்கள் தம்பி, 2001 சிம்பாப்வே மட்சிலிருந்து தொடங்குவோம். அங்கேயும் யாராவது கையைத் தாழ்த்திக்கொண்டு வந்தால் நோபோல் கொடுப்பேன்.